மூன்று அங்குலப் போர்வை

இரண்டாம் உலையின் மேற்குச் சுவரைப் பார்த்ததும் ரேலீன் டன்ஸ்டனுக்கு முதலில் வந்தது சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. சிரிப்பு அரை நொடியில் போய்விட்டது. கோபம் போகவில்லை.

மகள் அடிலெய்டில் வீடு மாறுகிறாள் என்று பதினாறு நாள் விடுப்பு போட்டுவிட்டுப் பெட்டி தூக்கப் போனவள், அந்தத் திங்கட்கிழமை காலைதான் போர்ட் கெல்வி செம்பு உருக்காலைக்குத் திரும்பி வந்திருந்தாள். அவள் போகும்போது துருவும் கரியும் ஏறிய உருக்குத் தகடாக நின்ற சுவர், இப்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தகரம் போர்த்திக்கொண்டு பளபளத்தது. அதன் மேல் நீல எழுத்தில் ஒரு பலகை: ‘இந்தச் சுவர் உங்களுக்காகக் குளிர்விக்கப்பட்டது.’

பலகை கூடப் பரவாயில்லை. அதற்குக் கீழே, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, நீளமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உலையின் வாயைத் திறந்து செம்பு வடிக்கிற ஆட்கள் நாலு பேர் அதில் உட்கார்ந்து வெஜிமைட் தடவிய சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டாரில். பதினெட்டு வருடம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன். ஆறு வருடமாக இல்லை.

“வாம்மா வா,” என்றான் டாரில். “எங்களுக்குத் தனி ரூம் போட்ட மாதிரி ஆயிடுச்சு பாரு. நீ கட்டற சுவரெல்லாம் இத்தனை வருஷமா எங்க முதுகைப் பொசுக்குச்சு. நைஜல் ஒரே வாரத்துல சரி பண்ணிட்டான்.”

“எந்திரி.”

“என்னது?”

“பெஞ்சை விட்டு எந்திரின்னேன். நாலு பேரும்.”

“பாத்தீங்களாடா,” என்று டாரில் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னான். “விவாகரத்து ஆகி ஆறு வருஷம் ஆச்சு. நான் எங்க உக்காரணும்னு இன்னும் இவதான் சொல்றா.”

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே பிப்ரவரிக் கோடை வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. உலைக்கூடத்திலேயே கொஞ்சம் குளிர்ந்த இடம் அதுதான். அதை விட்டு யார் எழுந்திருப்பார்கள்?

ரேலீன் செங்கல் குழுவுக்குத் தலைவி. இருபத்தாறு வருடமாக அவளும் அவளுடைய ஆட்களும்தான் அங்கே உலைகளுக்கு உட்சுவர் கட்டுகிறார்கள். இந்த மேற்குச் சுவரைப் போன ஆகஸ்டில் கட்டினார்கள். உள்ளே செம்பும் கசடும் ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரியில் கொதிக்கும். அதைத் தொட்டுக்கொண்டு நிற்பது முந்நூற்றைம்பது மில்லிமீட்டர் கனத்துக்குத் தீச்செங்கல். அதற்குப் பின்னால் நூறு மில்லிமீட்டருக்கு வேறு ஜாதிக் கல், வெப்பத்தை இன்னும் தயங்கித் தயங்கி விடுவது. கடைசியில் உருக்குத் தகடு. அவ்வளவுதான் சுவர்.

உலை இரவு பகலாக ஓடும்போது இந்தச் சுவர் சில வாரத்தில் ஒரு நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு எந்த அடுக்கும் வெப்பத்தைப் பதுக்கி வைக்க முடியாது. முதல் கல்லில் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவும் கடைசித் தகட்டில் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் ஆயிரத்து இருநூற்றைம்பதைக் கீழே இறக்குகிற வேலையை அடுக்குகள் பங்கு போட்டுக்கொள்ளும். எது அதிகமாகத் தடுக்கிறதோ அது அதிகமாக இறக்கும். அப்படி இறங்கி இறங்கி வந்து, வெளித்தகடு இருநூற்றெண்பதில் நிற்கும். பக்கத்தில் போனால் பொசுக்கும். பொசுக்கத்தான் வேண்டும். வெளியே இப்படிக் கொட்டிக்கொண்டே இருப்பதால்தான் உள்முகம் சற்றுக் குளிர்ந்து, கசடு அதில் ஒட்டி உறைந்து தோல் கட்டுகிறது. அந்தத் தோல் இருக்கும் வரை கல்லுக்கு ஆபத்தில்லை. தோல் உருகிப் போய்விட்டால் கொதிக்கிற கசடு கல்லை அரித்துத் தின்னும்.

இந்த லட்சணத்தில், தகட்டுக்கு வெளியே மூன்று அங்குலக் கனத்துக்குத் தீப்பிடிக்காத பீங்கான் இழைப் பஞ்சுப் போர்வை சுற்றி அதன்மேல் தகரம் அடித்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். அந்தப் பஞ்சு ஒன்றே மற்ற எல்லா அடுக்கும் சேர்ந்து தடுப்பதைப்போல இரண்டு மடங்கு தடுக்கும். அப்படியானால் சூட்டை இறக்குகிற வேலை பெரும்பாலும் அதனிடம் போய்விடும். அதற்கு வெளியே உள்ளதெல்லாம் குளிரும். அதற்கு உள்ளே உள்ளதெல்லாம், தகடு முதல் கல் வரை, ஏறும். காய்ச்சல்காரன்மேல் நாலு கம்பளியைப் போட்டு மூடிவிட்டு, மேல் கம்பளியைத் தொட்டுப் பார்த்து ‘ஜுரம் விட்டுவிட்டது’ என்று சொல்கிற வைத்தியனை என்ன செய்வோம்? இங்கே அப்படிப்பட்டவனுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்துப் பலகையும் மாட்டியிருந்தார்கள்.

அவள் போய்ப் பெட்டியிலிருந்து நீளக் கம்பி வெப்பமானியை எடுத்து வந்தாள். இரண்டு தகரம் சேருகிற இடத்தில், டாரிலின் தலைக்கு மேலே, கம்பியைச் சொருகிப் பஞ்சைத் துளைத்து உருக்கைத் தொடும்வரை தள்ளினாள். எண் ஏறிக்கொண்டே போய் ஐந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது. இணைப்புப் பக்கம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நடுவில் இன்னும் கூடுதலாக இருக்கும்.

“எத்தனை நாளாச்சு இதைச் சுத்தி?” என்று கேட்டாள்.

“பத்து நாள்,” என்றான் டாரில் வாயில் ரொட்டியோடு. “என்ன காட்டுது?”

“உன் மண்டைக்குப் பின்னால அறுநூறு டிகிரி. சாப்பிடு.”

டாரில் திரும்பித் தகரத்தைப் பார்த்தான். தகரத்தில் அவன் முகம்தான் தெரிந்தது. “கேமரால பச்சையா காட்டுதே,” என்றான்.

உலைப் பிரிவு மேலாளர் நைஜல் ப்ரூட்டனின் அறையில் அந்தப் பச்சையைப் பெரிய திரையில் போட்டு வைத்திருந்தார்கள். வெப்பம் காட்டும் கேமராவில் எடுத்த படம். முன்னால் மேற்குச் சுவர் ரத்தச் சிவப்பு, இப்போது பச்சை. நைஜலுக்கு முப்பத்தெட்டு வயது. பிரிஸ்பேனிலிருந்து வந்து ஒன்றரை வருடம். கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. யாரைப் பார்த்தாலும் சிரிப்பான், குடும்பத்தை விசாரிப்பான். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

“வாங்க ரேலீன், பொண்ணு வீடெல்லாம் செட்டில் ஆச்சா?”

“நைஜல், அந்தப் போர்வையை இன்னைக்கே கழட்டணும். முதல்ல உலையை நிறுத்தணும்.”

நைஜலின் சிரிப்பு அப்படியே இருந்தது. “உக்காருங்க. நீங்க இல்லாதப்ப பண்ணிட்டோம்னு வருத்தமா?”

“எனக்கு வருத்தமில்ல. தகடு அறுநூறுக்கு வந்தாச்சு. இன்னும் ஏறிட்டிருக்கு. நான் உக்காந்து கணக்குப் போட்டேன். சுவரு நிலைக்கு வரும்போது தொள்ளாயிரத்தைத் தாண்டும். உருக்கு அந்தச் சூட்டுல நிக்காது, வளையும்.”

“நீங்க வெச்சுப் பாத்தது கம்பி. அது பஞ்சுல உரசினா தப்பாக் காட்டும். கேமராவைப் போன மாசம்தான் சரிபார்த்து வாங்கிட்டு வந்தாங்க.”

“கேமரா சரியாத்தான் காட்டுது. தகரத்தைக் காட்டுது. தகரம் எனக்கு எதுக்கு?”

“கணக்கு ஆலோசகர் போட்டது, ரேலீன். முப்பது பக்கம். மின்சாரத்துல பன்னெண்டு சதவீதம் மிச்சம். அது நிஜமாவே மிச்சமாகுது, மீட்டர்ல தெரியுது.”

“மிச்சமாகத்தான் செய்யும். நான் இல்லன்னு சொல்லல. வெப்பம் வெளிய போகலன்னா மிச்சந்தானே. அந்த முப்பது பக்கத்துல தகட்டுச் சூடு என்னாகும்னு ஒரு வரி இருக்கா?”

நைஜல் கொஞ்சம் யோசித்தான். யோசித்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். “நாங்க கேட்டது வெளிச் சூடும் மின்சாரமும்தான்,” என்றான். “அவரு கேட்டதுக்குப் பதில் சொன்னாரு.”

“அப்ப கேக்காததை நான் சொல்றேன். கேளுங்க.”

“சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஆகஸ்ட்ல கட்டின சுவரு, அதுக்குள்ள அறுநூறு காட்டுதுன்னா, கட்டினதுல ஏதாவது இருக்குமோ? ஆடத் தெரியாதவங்க கூடம் கோணல்னு சொன்ன கதையா, எல்லாத்தையும் போர்வை மேல போடக்கூடாது இல்லையா. ஏப்ரல்ல எப்படியும் உலையை நிறுத்தறோம். அப்ப பாத்துக்கலாம்.”

இருபத்தாறு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி ஒருவன் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் காது இரண்டும் சூடாகிவிட்டன. பதிலுக்குச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் பேச்சு தன்னைப் பற்றியதாகிவிடும், சுவரைப் பற்றியதாக இருக்காது என்று தெரிந்ததால் விழுங்கினாள். விழுங்கினது அவளுக்கு லேசில் செரிக்கவில்லை.

“ஏப்ரல் வரைக்கும் அந்தப் பெஞ்சுல யாரு உக்காருவாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“யாரு வேணும்னாலும். அதுக்குத்தானே போட்டிருக்கு.”

அவள் எழுந்து நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அங்கே மெரெல் இருந்தாள், ஐம்பது வயதுக்காரி, கொஞ்சமாகப் பேசுபவள். உலையின் மின்சாரம் அவள் கையில்.

“ரெண்டாம் உலையை இறக்கு மெரெல். மேற்குச் சுவர் தகடு அறுநூறு. ஆளுங்களுக்கு உடனடி ஆபத்துன்னு நான் சொல்றேன்.”

“நீ சொல்றேன்னு எழுதிக்கட்டுமா?”

“கொட்டை எழுத்துல எழுது.”

உடனடி ஆபத்து என்று பெயர் சொல்லி ஒருவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது விதி. மெரெல் மணி பார்த்து எழுதிக்கொண்டு சுவிட்சை இறக்கினாள். உலையின் உறுமல் மெல்ல அடங்கியது. ரேலீன் கீழே போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, தன் அபாய அட்டையை மாட்டினாள். சிவப்பும் கறுப்புமான அட்டை, அவள் படமும் பேரும் போட்டது. அந்த மாதிரித் தொழிற்சாலைகளில் கடவுளை மீறினாலும் மீறலாம், அடுத்தவர் அட்டையைத் தொடக் கூடாது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். தெரியாமல் ஒருவன் கழற்றி, உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவன் செத்துப்போன கதை எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. போன நவம்பரில் கூட்டாளியின் அட்டையைக் கழற்றிய ஒருவனை நைஜலே வேலையை விட்டு அனுப்பினான். அனுப்பிவிட்டு அரைமணி நேரம் எல்லோருக்கும் பேசினான். ரேலீன் முன்வரிசையில் நின்று கேட்டாள்.

பத்து நிமிடத்தில் நைஜல் வந்தான். இப்போது சிரிப்பு இல்லை.

“எடுங்க ரேலீன்.”

“மாட்டேன்.”

“உள்ள கொதிக்கிறது அப்படியே உறைஞ்சுதுன்னா உலையே போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும். அதனாலதான் கிழக்கு வாயைத் திறந்து இப்பவே வடிங்கன்னு சொல்றேன். நேரம் இருக்கு. மேற்குப் பக்கம் ஒரு ஈ காக்கா போகக்கூடாது.”

“இதுக்கு உங்க வேலை போகும்.”

“போகட்டும். வேலையை விட்டுத் தூக்கினாலும் அட்டை என் பேருலதான் இருக்கும். கழட்ட என்னைத்தான் கூப்பிடணும்.”

முற்றிலும் அப்படியில்லை. விதியில் ஒரு சந்து உண்டு. மாட்டியவர் மறுத்தால் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அட்டையை வெட்டலாம்: மேலாளர், கட்டுப்பாட்டு அறைக்காரர், அந்தத் தளத்து ஆட்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி. நைஜல் படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அவன் போட்டாயிற்று. மெரெல், “எனக்கு இதுல கருத்து கிடையாது. விதிப்படி ரெண்டு பேர் போட்டா நான் மூணாவது,” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பாக்கி ஒரு கையெழுத்து. உலைத்தளத்தின் பாதுகாப்புப் பிரதிநிதி டாரில்.

டாரில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பின்னால் அவன் ஆட்கள். நைஜல் படிவத்தையும் பேனாவையும் நீட்டினான்.

“நீங்களே சொல்லுங்க டாரில். பத்து நாளா அங்க உக்காந்திருக்கறது நீங்க. சூடு இருக்கா?”

“இல்ல,” என்றான் டாரில். “பொய் சொல்லக்கூடாது. இத்தனை வருஷத்துல இப்பத்தான் சாயங்காலம் வீட்டுக்குப் போனா தலைவலி இல்ல.” அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். வாங்கி, ரேலீனைப் பார்த்தான். “இது சுவரு சமாச்சாரமா, இல்ல அந்தப் பையன் மேல கோவமா? நிஜத்தைச் சொல்லு.”

“கோவந்தான்,” என்றாள் ரேலீன். “ரொம்பக் கோவம். அவன் மேல மட்டும் இல்ல, உன் மேலயும். முப்பது வருஷம் உலை முன்னால நின்னவன் நீ. தகடு சுட்டா சுவரு மூச்சு விடுதுன்னு அர்த்தம், இது உனக்குத் தெரியாதா? பத்து நாளா சுடலியே, அந்தச் சூடெல்லாம் எங்கடா போச்சுன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா? உள்ள கொதிக்கிற சூடு குறைஞ்சுதா? மெரெல்கிட்டக் கேளு, அதே ஆயிரத்து இருநூத்தம்பது. அப்ப எங்க போச்சு? சுவருக்குள்ள நிக்குது டாரில். கல்லைத் தின்னுட்டு உன் முதுகுக்கு வருது. நீ செத்துத் தொலையணும்னு நானே நூறு தடவை சொல்லியிருக்கேன், வக்கீல் முன்னாலயும் சொல்லியிருக்கேன். ஆனா இப்படி இல்ல. நான் கட்டின சுவத்துல இல்ல.”

நைஜல் தொண்டையைக் கனைத்தான். “உணர்ச்சிவசப்படறது புரியுது. ஆனா எண்கள்னு ஒண்ணு இருக்கு.”

“நானும் எண்ணுதான் சொன்னேன். உங்களுக்குப் பிடிச்ச எண்ணு இல்ல, அவ்வளவுதான்.”

டாரில் பேனாவைத் திறந்தான். மூடினான். படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தான். அவன் எதையும் படித்து ரேலீன் பார்த்ததில்லை, விவாகரத்துப் பத்திரத்தையே படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டான்.

“நைஜல்,” என்றான். “இவ என் விஷயத்துல நூறு தப்பு பண்ணியிருக்கா.”

“ஒண்ணு பண்ணினேன்,” என்றாள் ரேலீன். “கட்டிக்கிட்டேன்.”

“சரி, ஒண்ணு. ஆனா சுவரு விஷயத்துல இவ தப்பா சொல்லி நான் கேட்டதில்ல.” படிவத்தை அப்படியே திருப்பி நைஜலின் கையில் வைத்தான். “நான் போடல. டேய், கிழக்கு வாயைத் திறங்கடா. மேற்குப் பக்கம் எவனும் போகக்கூடாது.”

“இதை நான் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும்,” என்றான் நைஜல்.

“தாராளமா. என் பேருல ரெண்டு எல் இருக்கு, சரியா எழுதுங்க.”

வடித்து முடிக்கப் பிற்பகல் மூன்றரை ஆயிற்று. அதன் பிறகும் ரேலீன் அரைமணி நேரம் காக்க வைத்தாள். அப்புறம் நீளக் கொக்கியால் தூரத்தில் நின்றபடியே, பெஞ்சுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரத்தையும் அதன் கீழே இருந்த பஞ்சையும் இழுத்துக் கீழே தள்ளச் சொன்னாள். நைஜலும் வந்து நின்றான். தான் சொன்னதுதான் சரி என்று காட்டத்தான் வந்தான், பாவம்.

பஞ்சு விழுந்ததும் எல்லோர் முகத்திலும் அனல் அடித்தது. கூடத்தின் நிழலில் தகடு மங்கலான சிவப்பில் தெரிந்தது. ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம். சிவந்தது மட்டுமில்லை, வெளிப்பக்கமாக உப்பியும் இருந்தது. டாரில் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால்தான் உப்பல் அதிகம். பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவன் மெதுவாகப் பின்வாங்கி, பிறகு திரும்பி வெளியே நடந்துவிட்டான்.

ரேலீனுக்கு வெற்றி பெற்ற சந்தோஷம் வரும் என்று தோன்றியிருந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னும் கூடக் கோபம்தான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் ஓர் உலையையே பஞ்சில் மறைத்துவிட்டு, மறைத்த இடத்தில் ஆட்களை உட்காரவும் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பலகை வேறு. அவள் போய் அந்தப் பலகையை இரண்டு கையாலும் பிடுங்கித் தரையில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

மீதிப் போர்வையையும் கழற்றினார்கள். சுவர் ஆற மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் நைஜல் அவளிடம் பேசவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் இருந்தான். வெள்ளிக்கிழமை காலை அவளும் அவளுடைய ஆட்களும் மேல்வாய் வழியாக உலைக்குள் இறங்கினார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு டாரிலும் இறங்கினான். அது அவன் வேலையில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை.

வடக்கு, தெற்குச் சுவர்களில் உறைந்த கசடு கறுப்புத் தோலாகக் கனமாகப் படிந்திருந்தது. மேற்குச் சுவரில் தோல் சுத்தமாக இல்லை. கல் வழுவழுவென்று உள்வாங்கி, நடுவில் ஒரு பெரிய குழி விழுந்திருந்தது. குழியின் அடியில் ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்து ரேலீன் அளவு நாடாவை வைத்தாள். முந்நூற்றைம்பதாக வைத்துக் கட்டிய கல். ஆகஸ்டிலிருந்து ஐம்பது தேய்ந்திருந்தால் நியாயம்.

“நாப்பது,” என்றாள்.

டாரில் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான். “நூத்தி நாப்பதா?”

“நாப்பது.”

அவன் விளக்கை அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். “திங்கக்கிழமை நீ வராம இருந்திருந்தா?” என்று கேட்டான்.

“உள்ள தூசி. முகமூடியைப் போடு,” என்றாள் ரேலீன். “எத்தனை தடவை சொல்றது உனக்கு.” அவன் முகமூடியைப் போட்டுக்கொண்டான். அதன் பின்னால் அவன் அழுகிறான் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது. அவள் விளக்கை வேறு பக்கம் திருப்பினாள்.

அவள் மேலே ஏறி வந்தபோது நைஜல் கையில் நோட்டோடு நின்றிருந்தான். மூன்று நாளில் கொஞ்சம் இளைத்திருந்தான்.

“எவ்வளவு மிச்சம்?”

“நாப்பது மில்லிமீட்டர்.”

அவன் எழுதிக்கொண்டான். எழுதியதை ஒரு முறை பார்த்தான். பிறகு நீளமாக மூச்சு விட்டான்; அது நிம்மதி மூச்சு என்பது அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

“அப்போ நாப்பது மிச்சம் இருந்திருக்கு,” என்றான். “பின்னால இன்னொரு அடுக்கும் முழுசா இருக்கு இல்லையா? அப்படின்னா உடைப்பு எதுவும் நடக்கல. ‘போதுமான கனம் இருக்கும்போதே கண்டறியப்பட்டது’ன்னு அறிக்கையில போடலாம். உங்க பேரையும் போடறேன், ரேலீன். நல்ல விதமாத்தான்.”

இத்தனை நாளும் அவனை ‘நீங்க’ என்றே பேசி வந்திருந்தாள். வயதில் சின்னவன் என்றாலும் மேலாளர் என்ற மரியாதை. அது அந்த இடத்தில் முடிந்தது.

“கையை நீட்டு,” என்றாள்.

அவன் புரியாமல் நீட்டினான். பெயர்த்தெடுத்த கல்லை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது, ஒரு முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக. அதை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை அதன்மேல் மூடினாள்.

“இதுதான் உன்னோட போதுமான கனம். உனக்கு ரெண்டு பிள்ளைங்கதானே? இதை வீட்டுக்குக் கொண்டுபோ. இன்னைக்கு எல்லாரும் சாப்பிட உக்காரும்போது இதை அதுங்க முதுகுக்குப் பின்னால வை. அந்தப் பக்கம் ஆயிரத்து இருநூத்தம்பது டிகிரி கொதிக்குதுன்னு நினைச்சுக்கோ. சோறு இறங்குதான்னு பாத்துட்டு, திங்கக்கிழமை வந்து அறிக்கையை எழுது.”

நைஜல் மெல்ல விரலைப் பிரித்து, கையிலிருந்த கல்லைப் பார்த்தான். நோட்டை வைக்க இடமில்லாமல் அதைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டாவது கையாலும் அந்தக் கல்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.